டக்கார் போகிறவர்கள் கவனிக்க: “என்னைத் தெரியலையா?” என்று ஒருவன் வருவான்

செனகலின் தலைநகர் டக்காருக்கு வந்த இரண்டாம் நாளே 45,000 சி.எஃப்.ஏ. ஃபிராங்கைத் தொலைத்த கடுப்பில் இதை எழுதுகிறேன். ஒரு யூரோவுக்கு 655 ஃபிராங்க் சொச்சம் என்று நிலையாகக் கட்டி வைத்த மதிப்பு, அதனால் கணக்குப் போட்டு வயிறெரிவது சுலபம்: ஏறக்குறைய 69 யூரோ.

முதல் நாள் ஆஷ்-எல்-எம் சந்தைக்குப் போனேன். துணிக்கென்றே இருக்கிற சந்தை, கடைக்குக் கடை வாக்ஸ் துணி (மெழுகு முறையில் சாயம் ஏற்றிய பூவேலைப் பருத்தித் துணி) கூரை வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு கெஜம் ஒரு பீஸ், ஏறக்குறைய நம் புடவை நீளம். ஒரு கடையில் இருந்த அம்மாவிடம் “நங்கா தெஃப்” என்று வோலோஃப் மொழியில் நலம் விசாரித்தேன், அவருக்கு ஒரே சந்தோஷம், விலையையும் வோலோஃபிலேயே சொன்னார்: “ஞாரி ஜுன்னி.” விமானத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்கள்தான், இரண்டு ஆயிரம். நானும் பெருமையாக இரண்டு ஆயிரம் ஃபிராங்க் நோட்டை நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அதாவது பத்தாயிரம்! வெளியூர் முகத்தைப் பார்த்ததும் ஒரே நிமிடத்தில் ஐந்து மடங்கா என்று எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது, அரைகுறை பிரெஞ்சில் கத்திவிட்டுத் துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சந்தகா பக்கம். பழைய சந்தைக் கட்டடத்தை 2020-லேயே இடித்துவிட்டார்கள், ஆனால் சுற்றியுள்ள தெருக்களில் நடைபாதை தெரியாத அளவுக்கு வியாபாரம். அங்கேதான் அவன் வந்தான். “என்னைத் தெரியலையா? உங்கள் ஓட்டலில் இரவுக் காவலுக்கு நிற்கிறேனே!” எனக்கு நினைவில்லை, ஆனால் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். (அந்த வெட்கம்தான் அவனுக்கு முதலீடு.) ஷாருக் கான் பேரைச் சொன்னான், முந்தின நாள் கதையைக் கேட்டு “அந்தச் சந்தையில் எல்லாரும் அப்படித்தான்” என்று எனக்காக வருத்தப்பட்டான். தனக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகிறது என்று என் மணிக்கட்டில் ஒரு தோல் காப்பைக் கட்டிவிட்டு, இது அன்பளிப்பு, காசு வேண்டாம் என்றான். எட்டாம் நாள் பெயர் சூட்டும் சடங்கு, ங்கெந்தே என்பார்கள், அதற்கு ஆடு அறுக்க வேண்டும். சடங்கு உண்மையானது, இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது, அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் சந்து சந்தாகக் கூட்டிப் போய் அவன் “அண்ணன்” கடையில் உட்கார வைத்தான். ஓரத்தில் ஹாலந்து வாக்ஸ் என்று அச்சடித்த துணி, உங்களுக்காக 30,000 என்றார்கள். வெளியே போகிற வழியும் தெரியாது, காப்பு வேறு கையில். கொடுத்தேன். கிளம்பும்போது ஆட்டுக்கு என்று 15,000 கேட்டான், குரல் கொஞ்சம் கனத்திருந்தது, கூட இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அதையும் கொடுத்தேன்.

அறைக்கு வந்து விரித்தால் துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. நல்ல வாக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாகச் சாயம் ஏறியிருக்க வேண்டும், ஓரத்து எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அளந்தால் நான்கு கெஜம்தான். ஓட்டலில் அப்படி ஒரு காவலாளியே கிடையாது. வரவேற்பில் இருந்த பெண், சந்தகா பக்கம் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தால் இந்த மாதிரி ஆட்களுக்குத் தினமும் ஒரு குழந்தை பிறக்கும் என்றார்.

ஞாரி ஜுன்னி கதையையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு! வோலோஃபில் பணத்தை ஐந்து ஃபிராங்கை ஓர் அலகாக வைத்துத்தான் எண்ணுவார்களாம். தேமேர் என்றால் நூறு, ஆனால் காசில் 500 ஃபிராங்க். ஜுன்னி 5,000. ஞாரி ஜுன்னி பத்தாயிரம். அந்த அம்மா முதலிலிருந்து கடைசி வரை ஒரே விலைதான் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை காப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு (கையில் இருந்தால் அடுத்தவனுக்கு அடையாளம்) ஆஷ்-எல்-எம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா அதே துணியை எடுத்து வைத்தார், ஆனால் பக்கத்துக் கடைக்காரிகளையெல்லாம் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் ஞாரி ஜுன்னி எத்தனை ஃபிராங்க் என்று என்னைச் சத்தமாகச் சொல்ல வைத்த பிறகுதான் கையில் கொடுத்தார்.