ஒற்றை எழுத்தை வைத்து ஒரு செயலியைச் சோதித்தேன்

சொல் பிறப்பு சொல்லும் அகராதிச் செயலி ஒன்றை மூன்று வாரமாகப் பயன்படுத்துகிறேன். முதல் நாளே 'மா' என்று தட்டினேன். தமிழுக்கு மாமரம், மாவு, விலங்கு, பெரிய என வரிசையாகக் கொடுத்தது. இருபதில் ஒரு பங்கு, அதாவது 1/20, என்ற பழைய பின்னக் கணக்கையும் விடவில்லை. அங்கேயே மனசு விழுந்துவிட்டது.

அப்புறம் பிற மொழிகள். இத்தாலியில் 'ஆனால்', ஹங்கேரியனில் 'இன்று', அரபியில் 'என்ன', சமஸ்கிருதத்தில் 'வேண்டாம்'. ஜப்பானியத்தில் இரண்டுக்கு நடுவிலுள்ள இடைவெளி. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

சறுக்கியது சீனத்தில். தொனி மாறினால் அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கும் வேறு வேறு. ஆனால் ஒலிப் பொத்தானை அழுத்தினால் நான்குக்கும் ஒரே குரல், ஒரே தொனி! அம்மாவைக் கூப்பிட்டால் குதிரை வரும். போதாததற்கு, தமிழில் குதிரைக்கும் 'மா' உண்டு என்பதால் இரண்டையும் கோடு போட்டு உறவாக்கியிருக்கிறார்கள். ஒலி ஒத்துப்போனால் சொந்தமாகிவிடுமா? ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தமிழ்ப் பக்கத்துக்காக மட்டும் வைத்திருக்கிறேன்.