பிக்கப் மாற்றக் கொடுத்த கிட்டார்: கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க

எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) மாற்றக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெருந்துறைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றின் கிட்டார் கோவையில் ஒரு கடைக்குப் போய்த் திரும்பி வந்த கதை இது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஏமாற்றிய விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

கிட்டார் ஸ்ட்ராட் வகை, மூன்று பிக்கப் வைத்தது. பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் இரண்டு காயில் வைத்த ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் ஆல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் வைத்த சிங்கிள் காயில்கள். பிரிட்ஜ் பிக்கப்பை எடுத்துவிட்டு செமூர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி ஹம்பக்கர் போட வேண்டும், வால்யூம், டோன் கன்ட்ரோல்களை 250கே-யிலிருந்து (கே என்றால் கிலோ ஓம்) 500கே-க்கு மாற்ற வேண்டும், மற்ற இரண்டு பிக்கப்பையும் தொடக் கூடாது. பேசியது இவ்வளவுதான். பொருளுக்கும் வேலைக்கும் சேர்த்து 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நோம்பிக் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் கிட்டார் கைக்கு வந்தது. பிரிட்ஜ் பிக்கப்பில் பழையதை விடச் சத்தம் குறைவு, உர்ரென்ற இரைச்சல் மட்டும் அதிகம். நடுவும் கழுத்தும் சேரும் இடத்தில் தகர டப்பாவைத் தட்டியது போல ஒலி. கேட்டதற்குக் கிடைத்த பதில்: "புது பிக்கப்புங்க, வாசிக்க வாசிக்கச் செட் ஆகிருமுங்க. உங்க ஆம்ப்பை ஒருக்கா செக் பண்ணிப் பாருங்க."

பிக்கப் அப்படியெல்லாம் செட் ஆகாது. காந்தமும் செம்புக் கம்பியும்தான் அதில் இருக்கின்றன. முதல் நாள் எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் என்றைக்கும் கேட்கும்.

திறப்பதற்கு முன்னாலேயே மல்டிமீட்டர் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. கிட்டார் கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையின் நுனியில் ஒரு முள்ளையும் உடற்பகுதியில் இன்னொன்றையும் வைத்து, 20கே அளவில் பார்க்க வேண்டும். வால்யூம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஜேபியின் மின்தடை சுமார் 16.4 கிலோ ஓம். வால்யூம் கன்ட்ரோல் அதற்கு இணையாக நிற்பதால், 500கே போட்டிருந்தால் ஜாக்கில் 15.9 காட்டும், 250கே என்றால் 15.4. டோன் கன்ட்ரோல் கணக்கில் வராது, நடுவில் கெப்பாசிட்டர் நிற்கிறது. இந்தக் கிட்டாரில் வந்த எண் 7.9. ஏறக்குறைய பாதி. அடுத்து ஆம்ப்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, சிறிய ஸ்குரூ டிரைவரால் ஹம்பக்கரின் இரண்டு வரிசைத் துருவங்களையும் மெல்லத் தட்டிப் பார்த்தால், ஒரு வரிசை 'டொக்' என்று பலமாகக் கேட்டது, மற்றது ஊமை.

பாதி எண் வந்தவுடன் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். போலிகளும் சந்தையில் உண்டுதான், ஆனால் இங்கே பிக்கப் அசல். ஒயர் நிறத்தில்தான் கோளாறு. டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சையும் தோலில்லாத ஒயரும் எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து மூடப்பட வேண்டும். டிமார்சியோ என்ற இன்னொரு நிறுவனத்தின் பிக்கப்பில் சிவப்பு சிக்னல், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். கடையில் டங்கன் பிக்கப்பை டிமார்சியோ முறையில் பற்றவைத்திருக்கிறார்கள். டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரே காயிலின் இரண்டு முனைகள். இரண்டையும் முறுக்கிச் சேர்த்தால் அந்தக் காயில் தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே எதையும் தராது. மிஞ்சுவது ஒரே காயில். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள் சேர்ந்து இரைச்சலை அழிக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1950-களில் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் ஹம்பக்கரையே வடிவமைத்தார். அந்த ஒரு பயனும் போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த தாளில் நிற முறை அச்சாகியிருந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நான்கு ஒயரைக் கழற்றி மாற்றி வைக்கக் கால் மணி நேரம் போதும்.

இது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அப்படி இல்லை.

பிக்கப்கள் பொருத்திய முன்பக்கத் தகடான பிக்கார்டைத் தூக்கிப் பார்த்தால் நடு, கழுத்துப் பிக்கப்கள் இரண்டும் மாற்றப்பட்டிருந்தன. மேலே அதே பழைய பிளாஸ்டிக் மூடி, உள்ளே வேறு சரக்கு. ஆல்னிகோ சிங்கிள் காயிலில் ஆறு உருளைகளும் தாமே காந்தம், அடியில் கறுப்பு ஃபைபர் தகட்டில் அவற்றின் முனைகள் மட்டும் தெரியும். விலை குறைந்த வகையில் ஆறும் வெறும் இரும்பு, அடியில் கருஞ்சாம்பல் நிறச் செராமிக் காந்தக் கட்டை ஒட்டியிருக்கும். இங்கே கட்டையும் அதன் ஓரத்தில் வழிந்த பசையும் பளிச்சென்று தெரிந்தன. செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை, டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பதும் செராமிக் காந்தம்தான். கேட்காமல் மாற்றியதும் பழையதை எடுத்து வைத்துக்கொண்டதும்தான் குற்றம். அவசரத்தில் இரண்டில் ஒன்றை ஒயர் தலைகீழாக வைத்துவிட்டதால், சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் அடித்தொனியை மற்றது அழித்தது. தகர டப்பா ஒலிக்குக் காரணம் அதுதான். ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் அது தீரும். திருடு போனது தீராது.

கன்ட்ரோல்களும் பழையவையே. பில்லில் 500கே, அடியில் அச்சாகியிருந்தது பி250கே. பிக்கப் இணைந்திருக்கும்போது மீட்டர் வைத்து இதைச் சரியாக அளக்க முடியாது, அதனால் எழுத்தைப் பாருங்கள். வால்யூமின் முதுகில் ஈயம் ஒட்டாமல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது, விரலால் நெம்பினால் எர்த் ஒயர் கையோடு வந்தது. 25 வாட் அயர்னால் அந்த உலோக முதுகைச் சூடாக்க முடியாது. லேசாக உப்புத்தாள் தேய்த்து, 60 வாட், பட்டை முனை, மூன்று நான்கு விநாடி. அதற்குமேல் பிடித்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெடும்.

பழைய பிக்கப்கள் எங்கே என்று கேட்டதற்கு, "காயில் போயிருச்சுங்க, அதான் மாத்திட்டோம். வேணும்னா மோட்டார் காயில் கட்டறவங்ககிட்டக் குடுத்துக் கட்டித் தர்றோமுங்க" என்றார்கள். பம்புசெட் ஊரில் இந்தப் பேச்சு எடுபடும். தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கும்போது நம்பாமல் எப்படி? ஆனால் பிக்கப்பில் சுற்றுவது 42 கேஜ் கம்பி, கனம் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஒரு ஸ்ட்ராட் காயிலுக்குச் சுமார் 8,000 சுற்று. மோட்டார் கட்டும் கம்பியும் கையும் இதற்கு ஆகாது. காயில் உண்மையிலேயே போயிருந்தால் மீட்டர் எண்ணே காட்டாது. அப்படிப் போனதிலும் பல, ஒயர் சேரும் முனையில் அறுந்தவை, அங்கேயே திரும்பப் பற்றவைத்துவிடலாம். கொடுத்த நாள் வரை இரண்டும் நன்றாகப் பாடிய பிக்கப்கள்.

ஆகவே, கிட்டாரைக் கடை மேசையில் வைக்கும் முன் பிக்கப் தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சின் ஐந்து நிலைகளிலும் ஜாக்கில் அளந்து, ஐந்து எண்ணையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 6 கிலோ ஓம் சிங்கிள் காயில் தனியாக 5.9-க்குப் பக்கம் காட்டும், அதே போன்ற இரண்டு சேரும் நிலையில் 3-ஐ ஒட்டி வரும். தந்தி மாற்றும்போது பிக்கார்டைத் தூக்கி ஒவ்வொரு பிக்கப்பின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றும் பொருள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். வாங்கும்போது அங்கேயே மீண்டும் அளந்து, தட்டிப் பார்த்து, தந்திக்கும் கேபிளின் உடற்பகுதிக்கும் இடையே மீட்டர் 'பீப்' அடிக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கவில்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று மட்டும்: செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். மார்கழிக் காலையில் அளந்த எண் சித்திரை மதியத்தில் ஐந்து ஆறு சதவீதம் கூடியிருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பில் கையில் இருப்பதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. பிக்கப்கள் இன்னும் வரவில்லை. மூடி இல்லாமல் ஒரு ஜோடி ஆல்னிகோ சிங்கிள் காயில் யாராவது விற்க வந்தால் திருப்பிப் பாருங்கள்: இரண்டிலும் துணி சுற்றிய ஒயர், வெள்ளையானது பழுப்பேறியிருக்கும். கழுத்துப் பிக்கப்பின் ஃபைபர் தகட்டில், தடித்த தந்திப் பக்கத்து ஸ்குரூ ஓட்டைக்கு அருகே, நகக்கண் அளவுக்கு ஓர் உடைசல் இருக்கும்.