பழைய டிவிடிகளைத் தேடித் தரும் விர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ

இருபதாண்டுக் கல்யாண ஆல்பங்களை 4.7 ஜிபி டிவிடிகளில் பதிந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் எங்கள் ஸ்டூடியோவில், யாராவது வந்து பழைய முகூர்த்தப் படம் ஒன்றைக் கேட்டால் அரைநாள் போய்விடும். விர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ என்ற இலவச மென்பொருள் அந்த அலைச்சலைப் பெரிதும் குறைத்திருக்கிறது. வட்டை ஒருமுறை கணினியில் போட்டு எண் கொடுத்தால், அதிலுள்ள கோப்புகளின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை அது பட்டியலிட்டுக்கொள்வதால், பிறகு வட்டு அலமாரியில் இருக்கும்போதே தேடி, எந்த எண்ணுள்ள வட்டை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் கேமரா சூட்டிய டிஎஸ்சி_0412 போன்ற பெயரை வைத்து எந்த மென்பொருளாலும் மணமகளைக் கண்டுபிடிக்க முடியாது. கோப்புறைக்கு மணமக்கள் பெயரையும் தேதியையும் வைக்காதவர்களுக்கு (நாங்களும் 2011 வரை அப்படித்தான் இருந்தோம்) இது அவ்வளவாக உதவாது. வட்டு எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டாமல், நடுத்துளையைச் சுற்றியுள்ள, கண்ணாடி போல் தெரியும் வளையத்தில் நீர் சார்ந்த மையுள்ள மார்க்கரால் எழுதுவது நல்லது. எங்களிடம் ஓரம் பெயர்ந்த ஸ்டிக்கர் ஒன்று டிரைவுக்குள் சிக்கி, வட்டையும் கீறிவிட்டது.