பேஸ் கேஸ்கெட்: 0.3 மி.மீ.யா, 0.5 மி.மீ.யா?

வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளில் டூ ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டி ஏற்றும் நண்பர்கள், இன்ஜினைப் பிரிக்கும்போதெல்லாம், சிலிண்டருக்கு அடியில் வைக்கும் மெல்லிய அடைப்புத் தகடான பேஸ் கேஸ்கெட்டை எந்தத் தடிமனில் போடுவது என்றுதான் கேட்கிறார்கள்.

இழுவை: 0.3 போட்டால் சிலிண்டர் 0.2 மி.மீ. தாழ்ந்து, கம்ப்ரஷன் கூடி, எக்ஸாஸ்ட் போர்ட்டும் (புகை வெளியேறும் துளை) சற்றுத் தாமதமாகத் திறப்பதால், மெதுவாகப் பாறை ஏறும்போது வண்டி திணறாது. 0.5 போட்டால் அந்த வலு மேல் வேகத்துக்கு நகரும்.

வெப்பம்: அக்கினி நட்சத்திர வெயிலில் மெல்லியது இன்ஜின் தட்டும் ஓசைக்கு (நாக்கிங்) எளிதில் இடம் தரும், தடித்தது ஓரளவு தாங்கும்.

விலை: பெரிய வேறுபாடில்லை.

எதை வாங்கினாலும், ஸ்பார்க் பிளக் துளை வழியே சால்டர் கம்பியை (பற்றவைக்கும் மென்மையான ஈயக் கம்பி) சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுழற்றி, நசுங்கிய நுனியின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்துவிடுங்கள்; பிஸ்டனுக்கும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி அதுதான். பிஸ்டன் ஹெட்டை முட்டினால் செலவு பன்மடங்காகும்.

நசுங்கிய நுனி 1 மி.மீ.க்குக் குறையாதவரை, பாறை ஏறுவோருக்கு 0.3 என்பதே என் தேர்வு. நெடுஞ்சாலையிலும் ஓட்டுவோர் 0.5 போடலாம்.