இந்தியாவில் சிக்கிக்கொண்டால் கிரீன் கார்டு: தூதரக வழியா, திரும்பிப் போய் ஐ-485-ஆ?

வேலைவாய்ப்பு வகையில் கிரீன் கார்டுக்கு, அதாவது அமெரிக்க நிரந்தரவாசி உரிமைக்கு, காத்திருப்பவர் விசா ஸ்டாம்பிங் (கடவுச்சீட்டில் விசா முத்திரை) கிடைக்காமல் இந்தியாவில் மாட்டிக்கொண்டாலும் முதல் இரண்டு கட்டங்கள் தடைபடுவதில்லை. பெர்ம் (அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வேலைச் சான்று), ஐ-140 (ஊழியருக்கான குடியேற்ற மனு) இரண்டையும் நிறுவனமே தாக்கல் செய்கிறது என்பதால், ஊழியர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது அங்கே பொருட்டே அல்ல. கடைசிக் கட்டத்தில்தான் கேள்வி எழுகிறது: இங்கிருந்தபடியே தூதரக வழியாகக் குடியேற்ற விசா வாங்குவதா, எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்காவுக்குத் திரும்பி, அங்கிருந்தபடியே நிரந்தரவாசியாக மாறக் கேட்கும் ஐ-485 மனுவைப் போடுவதா? 2020 ஜூனில் வந்த அமெரிக்க அதிபரின் பிரகடனம் எச்-1பி நுழைவை நிறுத்தியபோது இங்கே நின்றுபோன நான், தடை 2021 மார்ச் 31-இல் காலாவதியாகும்வரை பொறுத்திருந்து இரண்டாவது வழியில் போனேன். செல்லுபடியாகும் எச்-1பி ஒப்புதல் கையில் உள்ளவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன்.

செலவில் தூதரக வழியே மலிவு. அதில் தலைக்கு விசாக் கட்டணம் 345 டாலர், குடியேற்றக் கட்டணம் 235 டாலர். ஐ-485-க்கோ 2024 ஏப்ரலிலிருந்து பெரியவர் ஒருவருக்கு 1,440 டாலர். ஆவணங்கள் ஏறத்தாழ ஒன்றே. நம்மூர்ப் பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் 'பெயர்' என்ற கட்டம் வெறுமையாகவே இருக்கும். அதைச் சரிசெய்ய நகராட்சிக்கு நடப்பதும், பெற்றோரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவதும் இரண்டு வழிக்கும் பொது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேலை மாறும் உரிமைதான். ஐ-485 தாக்கலாகி 180 நாட்கள் நிலுவையில் இருந்துவிட்டால், அதே வகையிலான அல்லது ஒத்த வேலையில் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் மனு உயிரோடு இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஏசி21 சட்டம் தந்த இந்தச் சலுகை, தூதரக வழியில் காத்திருப்பவருக்குக் கிடையாது. அவர் விசா பெற்று அமெரிக்க மண்ணில் கால் வைக்கும்வரை, மனு போட்ட நிறுவனம் அந்த வேலையைத் தரத் தயாராக இருக்க வேண்டும். நடுவில் ஆட்குறைப்பு வந்தால் பிரையாரிட்டி டேட் (வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி) மிஞ்சும். பெர்மும் ஐ-140-உம் புது நிறுவனத்தில் அடியிலிருந்து தொடங்கும்.

இதோடு, யாருடைய முறை வந்தது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினின் இரண்டு அட்டவணைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஒன்று மனு போடலாம் என்ற தாக்கல் தேதி, மற்றது கிரீன் கார்டு தரலாம் என்ற இறுதித் தேதி. 2020 அக்டோபரில் இந்தியர்களுக்கான ஈபி-3 (வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டின் மூன்றாம் வகை) தாக்கல் தேதி 2015 ஜனவரி 1-க்குப் பாய்ந்தது. இறுதித் தேதியோ 2010 ஜனவரி 15-இலேயே நின்றது. அம்மாதம் தாக்கல் தேதி அட்டவணையையே குடியேற்றத் துறை ஏற்றதால், அமெரிக்காவில் இருந்தவர்கள் ஐ-485 போட்டு, வேலை அனுமதி அட்டைக்கும் அட்வான்ஸ் பரோலுக்கும் (வெளிநாடு போய்த் திரும்பும் அனுமதி) கூடவே விண்ணப்பித்தார்கள். கணவன் அல்லது மனைவிக்கும் அந்த அட்டை உண்டு. அதே பிரையாரிட்டி டேட்டோடு இந்தியாவில் இருந்தவர்கள் கட்டணம் கட்டி, ஆவணங்களை அனுப்பிவிட்டு, இறுதித் தேதி நகர்வதற்காகக் காத்திருக்க மட்டுமே முடிந்தது.

தூதரக வழியின் நேர்காணலை நான் நேரில் சந்தித்ததில்லை. நண்பர்கள் சொன்னதை வைத்தே பேசுகிறேன். நேர்காணல் மும்பையில், காவல்துறைத் தடையின்மைச் சான்றும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் பரிசோதனையும் முடித்துப் போக வேண்டும். எல்லாம் கூடிவந்தால், அமெரிக்காவில் இறங்கும் நாளிலேயே நிரந்தரவாசி ஆகிவிடலாம், இடைக்கால அனுமதிகளுக்கு வேலையே இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் 221(ஜி) சீட்டு, அதாவது விசாவை மேல்பரிசீலனைக்காக நிறுத்திவைக்கும் அறிவிப்பு, கையில் வந்தால் எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது; தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதும் ஏறக்குறைய இயலாத காரியம்.

என் பரிந்துரை எல்லோருக்கும் பொருந்தாது. எச்-1பி-யே இல்லாமல் நேரடியாக ஈபி-3-இல் போகும் செவிலியர்களுக்குத் தூதரகமே வழி. 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு, வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஆகிவிட்டதால், பழைய ஒப்புதல் காலாவதியானவர்களும் தூதரகத்தையே நம்ப வேண்டியிருக்கலாம். ஒருவர் அங்கும் குடும்பம் இங்கும் என்றால் இரண்டையும் கலக்கலாம்: அவர் ஐ-485 போட்டு, கூடவே ஐ-824-உம் (ஒப்புதலைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கும் படிவம்) கொடுத்தால், ஒப்புதலுக்குப் பிறகு மனைவியும் பிள்ளைகளும் மும்பை வழியாகப் பின்தொடரலாம்.