பழைய ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். 2023இல், காற்றை அழுத்தித் தரும் 20 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்றைப் பழைய மிஷின் குடோனில் 2.4 லட்சத்துக்கு வாங்கினேன். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரில் 11,240. “மில்லுல ஓடுனது, பக்கா மெயின்டனன்ஸ். பேரிங் லைஃப் 40,000 மணி. இன்னும் 28,000 மிச்சம் இருக்குதுங்ணா” என்றார் வியாபாரி. நானும் தலையாட்டிவிட்டேன்.

நாலாவது மாதம் காலையில் ஸ்டார்ட் செய்தால் கரகரவென்று சத்தம். அப்புறம் சூடு ஏறி, டிரிப் ஆகித் தானாக நின்றுவிடும். ஒருநாள், காற்றை அழுத்தும் பாகமான ஏர் எண்டே இறுகிவிட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார்: பேரிங் நொறுங்கி, உள்ளே சுழலும் ரோட்டர் இரண்டும் உரசிக் கிடந்தன. பேனல் கதவின் உள்பக்கம் பாதி கிழிந்த ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. 2020ஆம் வருடம், 58,310 மணி! நடுவில், மணிக் கணக்கை வைத்திருக்கும் கன்ட்ரோலர் போர்டை மாற்றியிருக்கிறார்கள். புது போர்டில் எண்ணிக்கை புதிதாக ஆரம்பித்திருக்கிறது.

ஸ்டிக்கர் இல்லாமலேயே நான் பிடித்திருக்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். நேம் பிளேட்டில் 2013 என்று இருந்தது. 10 வருடத்துக்கு 11,240 மணி என்றால் ஒரு நாளைக்கு மூன்றேகால் மணி நேரம்கூட வராது. எந்த ஸ்பின்னிங் மில் அப்படி ஓடும்? மூன்று ஷிப்ட், வருடத்துக்கு 340 நாள் என்றால் 8,160 மணி. ஏழு வருடத்தில் 57,000 தாண்டும். ஸ்டிக்கர் கணக்கும் அதேதான்.

அந்த 40,000 மணிக் கதையும் அரைகுறை. பேரிங் கேட்டலாக்கில் எல்-10 என்று போடுவார்கள். ஒரே சுமையில் ஓடும் 100 பேரிங்கில் 10 பழுதாகிவிடும் நேரம் அது. நம்முடையது அந்தப் பத்தில் ஒன்றாக இருக்காது என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதுவும் ஆயில் சுத்தமாக இருந்தால்தான். ஆகவே கழித்துப் பார்த்து மிச்சம் இவ்வளவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கே, எத்தனை ஷிப்ட் ஓடியது என்று கேளுங்கள், ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள், கதவைத் திறந்து ஸ்டிக்கரைத் தேடுங்கள். போர்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஏர் எண்ட் மாற்ற எனக்கு 1.6 லட்சம் ஆனது. வியாபாரியிடம் கேட்டதற்கு, “மீட்டர்ல இருந்ததத்தானுங்ணா சொன்னேன்” என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை. போன வாரம் அதே குடோனுக்குப் போன நண்பர் ஒருவர், இன்னொரு கம்ப்ரசர் வந்திருப்பதாகச் சொன்னார். அதுவும் மில் மிஷின்தானாம். மீட்டரில் 9,000 சொச்சம்.