மார்கழிக் குருவிகளுக்குத் தீனியா, தண்ணீரா?

முதல் மார்கழியில் தீனி வைத்தேன். அடுத்த மார்கழியில் தண்ணீர் வைத்தேன். நடுவில் ஒரு செர்ரிச் செடியும் நட்டாயிற்று. மூன்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. நான் தண்ணீர்க் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் ஓரவஞ்சனை என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

வீடு கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்குச் சற்று வெளியே. பின்பக்கம் நாலு சென்ட் இடம் இருக்கிறது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கிற கல், செம்பருத்தி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு, அதைத் தாண்டி ராகிக் கொல்லைகள். ஆகவே நான் சொல்வதெல்லாம் தோப்போரத்து வீட்டுக் கணக்கு. ஓசூரில் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு இது பாதிதான் பொருந்தும்.

தீனி வைக்கும் ஆசை வந்தது வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான். பனி மூடிய தோட்டம், நடுவில் ஒரு தீனிப்பெட்டி, அதைச் சுற்றி வண்ண வண்ணமாய்க் குருவிகள். நானும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை ஓட்டை போட்டு, இரண்டு மரக்கரண்டிகளைக் குறுக்கே செருகி, கம்பும் தினையும் நிரப்பி முருங்கையில் கட்டினேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊரெல்லாம் ராகி அறுக்கிற நேரத்துல எந்தக் குருவிடா உங்கிட்ட வந்து சோறு கேட்டுச்சு?"

அப்போது சிரித்துவிட்டேன். யோசித்தால் அம்மா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. குளிர்நாடுகளில் குளிர்காலம் என்றால் பஞ்சகாலம். விதைகள் பனிக்கு அடியில் போய்விடும், பூச்சி கிடைக்காது, இரை தேடப் பகலும் போதாது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்கிற நேரம். புல்லெல்லாம் பூச்சி, அவரை பூத்திருக்கும், களத்தில் ராகி சிந்திக் கிடக்கும். நம் பக்கத்துப் பறவைக்குப் பஞ்சம் பங்குனி சித்திரையில்தான். மார்கழியில் நாம் தீனி வைக்காவிட்டால் எந்தக் குருவியும் பட்டினி கிடக்கப் போவதில்லை. நாம் வைப்பது நாம் பார்ப்பதற்காக. இதை ஒப்புக்கொண்டால், குறைந்த தொல்லையில் அதிகப் பறவைகளைக் கண்ணுக்குக் கொண்டுவருவது எது என்ற கேள்விதான் மிச்சம்.

தீனிக்கு முதல் ஒரு வாரம் ஈ எறும்பு கூட வரவில்லை. எறும்பு பிறகு வந்தது, அது வேறு கதை. ஒன்பதாம் நாள் சிட்டுக்குருவிகள் நாலைந்து வந்தன. பிறகு புள்ளிச் சில்லைகள், புள்ளிப்புறா ஜோடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பச்சைக்கிளி. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நல்ல கூட்டம். காபி டம்ளரோடு சமையலறை ஜன்னலில் நின்றால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்கும் இந்த நேரம்தான் வாய்க்கும். இந்த ஒரு விஷயத்தில் தீனியைத் தண்ணீர் நெருங்கவே முடியாது.

மூன்றாம் வாரம் மாடப்புறாக்களுக்குத் தகவல் போய்விட்டது. முதலில் இரண்டு, மாதக் கடைசியில் இருபதுக்கு மேல். கரண்டியில் உட்கார முடியாததால் கீழே சிந்தியதைப் பொறுக்கின, பாட்டிலை இறக்கையால் அடித்து இன்னும் சிந்த வைத்தன. மாதத்துக்கு 2 கிலோ என்று போட்ட கணக்கு 6 கிலோவானது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி முழுக்க எச்சம். செலவைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் தீனியைக் கைவிட்டதற்குக் காரணம் அது இல்லை.

காரணம், கீழே விழுந்தது. தீனி வைப்பவர்கள் பேசாமல் விடுகிற சமாச்சாரம் இது. பறவை ஒரு மணியைத் தின்றால் ஒன்றிரண்டைத் தள்ளிவிடும். கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் அது ஊறி உப்பிப் புளித்த வாடை அடிக்கும். மழை இல்லாவிட்டால் மார்கழிப் பனி போதும், இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும். கொஞ்சம் முளைத்து முருங்கைக்கு அடியில் கம்புப் பயிரே நின்றது. எங்கள் வீட்டில் அதைப் பார்த்து, "அறுப்புக்கு ஆள் சொல்லட்டுமா?" என்று கேட்டார்கள். பாட்டிலுக்கு உள்ளேயும் அடிமண்டி கட்டியாகி, குச்சி விட்டுக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. தினமும் பெருக்கினேன். பெருக்காத இரண்டு நாளில் எறும்பு. பெருக்கியும் விட்டுப்போனதைத் தேடி இரவில் பெருச்சாளி.

பெருச்சாளி வந்தால் வீட்டுச் சுவரோரம் வளை தோண்டும். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏங்க, நீங்க குருவிக்குப் போடறீங்களா, பெருக்கானுக்குப் போடறீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு வாரம் கழித்து ஆறடிச் சாரைப்பாம்பு ஒன்று துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து நிதானமாக வெளியே வந்து தோப்புக்குள் போனது. சாரைக்கு விஷம் கிடையாது, எலி பிடிக்கத்தான் வருகிறது, விவசாயிக்கு நண்பன். இதையெல்லாம் வீட்டில் விளக்கிப் பாருங்கள். அன்று மாலையே பாட்டிலை அவிழ்த்துவிட்டேன்.

தட்டில் வைத்தால் சிந்தாதே என்று ஒரு நண்பர் சொன்னார். மூன்று நாள் வைத்தேன். அணில் முழுவதையும் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டது.

தீனியில் உருப்படியான வழி என்று நான் கண்டது ஒன்றுதான்: கம்பங்கதிரை அப்படியே நாலைந்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்க விடுவது. முன்பு திண்ணை வீடுகளில் நெற்கதிரைக் குஞ்சம் போலக் கட்டித் தொங்க விடுவார்களே, அதே ஏற்பாடுதான். சிட்டுக்குருவியும் சில்லையும் தொங்கியபடியே கொத்தும். மாடப்புறாவுக்கு அந்த வித்தை வராது. சிந்துவதும் குறைவு. வீட்டில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தால் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதன் குஞ்சுக்குத் தானியம் உதவாது, தாய்க்குருவி புழுவும் பூச்சியும் தேடித்தான் ஊட்டும். காக்கைக்குச் சோறு வைப்பது வேறு கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை.

இனி தண்ணீர். முதலில் வைத்தது ஒரு பிளாஸ்டிக் பேசின். குருவிகள் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஆழம் அதிகம், அடியும் வழுவழுப்பு. சின்னப் பறவைக்கு இரண்டு அங்குல ஆழமே ஜாஸ்தி. ஒரு பக்கம் ஆழமில்லாமல் சரிந்து வந்தால் நல்லது, அடி சொரசொரப்பாக இருந்தால் கால் நிற்கும். அடுத்து மண் தட்டு. பூச்சட்டிக்கு அடியில் வைப்பார்களே, அகலமாக, அது. பறவைகளுக்கு அது பிடித்துப்போனது. ஒரு நாள் குரங்குக்கும் பிடித்துப்போக, அதோடு முடிந்தது. கடைசியில் கிருஷ்ணகிரிக்காரன் என்பதற்குப் பலன் கிடைத்தது. கிரானைட் அறுக்கும் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை வாங்கி, ஆட்டுக்கல் கொத்துகிற பெரியவரிடம் கொடுத்துக் கிண்ணம் போலக் குழிக்கச் சொன்னேன். வண்டிக்கூலியோடு 600 ரூபாய் ஆனது. குரங்கால் அசைக்க முடியாது. என்னாலும் முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்தவர்கள் பட்டியல்தான் என்னைத் தண்ணீர்க் கட்சியில் சேர்த்தது. தீனிக்குத் தானியம் தின்னிகள் மட்டும் வரும். தண்ணீருக்கு எல்லாரும் வரவேண்டும். சின்னான், மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், குண்டுக்கரிச்சான், செம்போத்து, வால்காக்கை என்று உள்ளூர்க்காரர்களே நிறைய. தையல்சிட்டும் தேன்சிட்டும் கல்லுக்குள் இறங்கவே இல்லை. நான் தண்ணீர் தெளித்த செம்பருத்தி இலைகளில் உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போயின.

அதைவிட முக்கியம் விருந்தாளிகள். குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிற சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. இமயத்திலிருந்து இறங்கும் சாம்பல் வாலாட்டிக்கோ, புதருக்குள் ஒளிந்துகொண்டு 'டிக் டிக்' என்று நாக்கைத் தட்டுகிற நாணல் கதிர்க்குருவிக்கோ கம்பு எதற்கு? தீனி வைத்த மார்கழியிலும் இவை வேலியில் இருந்திருக்கும், வெளியே வரக் காரணம் இல்லை. மாந்தோப்பில் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மாங்குயில் முதன்முதலாக என் கண்ணெதிரே இறங்கியது இந்தக் கல்லில்தான். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். மாலை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று வரும். உட்காராது. கிளையிலிருந்து நேரே விழுந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு மறுபடி கிளைக்கு, இப்படி ஐந்தாறு முறை. ஐப்பசியில் இரண்டே நாள் ஆறுமணிக்குருவி வந்தது. பேருக்கேற்ப விடியலிலும் பொழுது சாய்கையிலும் கூவுகிற பறவை. இடம் மாறிப் போகிற வழியில் தங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பொங்கல் விடுமுறை நான்கு நாளும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையெல்லாம் இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். இரண்டு வருடமும் பின்கட்டில் நின்றுதான் பதிந்தேன். தீனி வைத்த வருடம் நாலு நாளும் சேர்த்து 11 வகை, தண்ணீர் வைத்த வருடம் 23. என் கண் கொஞ்சம் தேறியிருக்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் வித்தியாசம் பெரிதுதான். கொத்திவிட்டு ஓடுகிற பறவையைவிடக் குளிக்கிற பறவையை நன்றாகப் பார்க்கவும் முடிகிறது. இறக்கையை விரிக்கும், சிலிர்க்கும், பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கோதும். அடையாளம் பார்க்க இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்.

பராமரிப்பு? தண்ணீருக்கும் உண்டு. தினம் காலையில் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்ற 2 லிட்டர். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும், சோப்பு கூடாது. மழைக்காலத்தில் டெங்குப் பயம் வேறு. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 8 முதல் 10 நாள் ஆகும், தினமும் மாற்றினால் அது நடக்காது. ஆனால் முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே ஓரத்தில் ஒட்டவைக்கும், காய்ந்தாலும் சாகாது. அதனால் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்க்க வேண்டும். நோய்ப் பயமும் இரண்டுக்கும் பொது. பிரிட்டனில் 2005 முதல் டிரைகோமோனோசிஸ் என்ற நோய் பரவி, தோட்டங்களில் சர்வ சாதாரணமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் குருவிகள் பெருமளவு மடிந்தன. எச்சில் பட்ட தீனியாலும் தண்ணீராலும் தொற்றுகிற நோய் அது. பாத்திரம் அழுக்கானால் எதை வைத்தாலும் வினைதான்.

இருந்தும் எனக்குத் தண்ணீர் சுலபமாகப்படுவதற்குக் காரணம், அதில் மிச்சம் என்று எதுவும் இல்லை. கொட்டினால் கறிவேப்பிலைக்குப் போகிறது. சிந்தினால் காய்கிறது. பெருச்சாளிக்கு அதில் லாபம் கிடையாது. தினம் ஐந்து நிமிட வேலை, அந்த ஐந்து நிமிடம் ஆறாவது நிமிடமாக வளர்வதில்லை. தீனியில் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, கடைசியில் வளை அடைக்கச் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரின் குறைகளையும் சொல்ல வேண்டும். கார்த்திகை அடைமழையில் மூன்று வாரம் என் கல்லை ஒரு பறவையும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் குட்டையாக இருக்கும்போது ஏன் வரும்? மார்கழிக் கடைசியில் சூடு பிடித்து, தை பிறந்த பிறகுதான் நெரிசல். கூட்டம் வருவதும் பத்தரைக்கு மேல், அப்புறம் மூன்று மணி வாக்கில். ஞாயிற்றுக்கிழமை தவிர எனக்கு வாய்ப்பதில்லை, பாதிப் பறவையை அம்மா சொல்லித்தான் தெரியும். பூனைக்கும் இடம் கொடுக்கக் கூடாது. செடியை ஒட்டி வைக்காமல் ஆறேழு அடி தள்ளி வைத்தேன், மேலே ஒரு கிளை இருந்தால் போதும். அப்புறம் அந்தக் கல். ஊருக்குப் போகும்போது மண் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம், இதை முடியாது. விளக்குமாற்றால் தள்ளிக் காயவைத்து, மேலே பழைய தகரத்தை மூடி, அதற்கு மேல் செங்கல் வைக்க வேண்டும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் மண் தட்டே வாங்குங்கள், குரங்கு இல்லாத தெருவாக இருந்தால்.

செர்ரிச் செடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்கப்பூர் செர்ரி என்று நர்சரியில் கேட்டால் தருவார்கள், தேன்பழம் என்றும் சொல்வார்கள். வேகமாக வளர்கிறது, ஒன்றரை வயதில் என் தலைக்கு மேலே போய்விட்டது. இப்போதுதான் பழம் வைத்திருக்கிறது. நாலு சின்னான்களும் ஒரு பெண் குயிலும் வந்ததைப் பார்த்தேன். இன்னும் இரண்டு வருடம் போனால் தண்ணீரையும் மிஞ்சுமோ என்னவோ. இப்போதைக்கு அதற்கு மார்க் போட எனக்குத் தகுதியில்லை.

இந்த மார்கழிக்கு ஏற்பாடு இதுதான்: பின்னால் கல், முன் தாழ்வாரத்தில் நாலு கம்பங்கதிர். கதிரைத் தையில்தான் கட்டுவேன், அதுவும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.